ஒன்பது விநாடிக்கு ஒரு டக்

அந்தத் தெருவில் காயில்காரர் என்றால் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எரிந்துபோன ஃபேன், புகைந்துபோன மிக்ஸி, முக்கி முனகி நின்றுபோன தண்ணி மோட்டார், எதுவானாலும் அவர் வாசலுக்குத்தான் வரும். கருகிய கம்பியைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று என்று உண்டு. எண்ணிக்கை நடுவில் விட்டுப்போனால் குத்துமதிப்பாகச் சுற்றக் கூடாது. மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முப்பது வருஷமாக அவருக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். சுற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, உதடு மட்டும் அசையும். புதிதாக வருகிறவர்கள், மனுஷன் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறார் என்று நினைத்து நாலடி தள்ளி நிற்பார்கள்.

அவர் வாசற்படியைத் தாண்டி இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது என்பது மட்டும் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? வேலை அவரைத் தேடி வந்தது. கம்பியும் வார்னிஷும் மச்சினன் தன் டெலிவரி வேனில் கொண்டுவந்து போட்டான். காய்கறியைச் சம்சாரம் வாங்கினாள். வெளியே அழைத்தவர்களிடம் முழங்கால் வலி என்றார். முழங்காலுக்கு நாக்கு இருந்தால் அவர் மேல் கேஸ் போட்டிருக்கும்.

அது ஆரம்பித்த நாள் இப்படி. ஒரு பச்சை டேபிள் ஃபேன் வேலைக்கு வந்திருந்தது. கொண்டுவந்தவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "என் தங்கச்சிக்குங்க. அடுத்த தெருவுல, தண்ணித் தொட்டிக் கட்டடம், முதல் மாடி. இது ஓடலன்னா அவ கண்ணை மூட மாட்டா. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்," என்றார். காயில்காரர் சுற்றி முடித்துவிட்டார். கடைசியில் ஒரு ஒட்டு. இரண்டு கம்பி முனைகளை முறுக்கிப் பற்றவைத்த இடத்தில் ஒரு சின்னத் துணிக்குழாயை மாட்ட வேண்டும், ஸ்லீவ் என்பார்கள். தீக்குச்சி நீளம்கூட இருக்காது. அது இல்லாவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் பக்கத்துக் கம்பியில் உரசி உரசி, இன்றில்லாவிட்டால் என்றாவது ஒருநாள் பற்றிக்கொள்ளும். பெட்டியில் ஸ்லீவ் தீர்ந்திருந்தது. கடை பக்கம்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நல்ல மத்தியானம். நடக்கும்போதும் எண்ணுகிறது அவர் பழக்கம். அறுபத்தோராவது அடியில் தெருமுனை, ஒரு விளக்குக்கம்பம். அங்கே கால் வைத்ததும் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. தெருவில் ஒரு காக்கா இல்லை. பூட்டியிருந்த கடைகளின் ஷட்டர்கள் ஒரே மூச்சாக உள்ளே இழுத்துப் பிடித்திருப்பதுபோல் இருந்தன. கம்பியை விரலிடுக்கில் இழுத்தால் மெலிந்து நீளுமே, அப்படித் தெரு அவர் கண்ணெதிரே நீண்டது. பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. அவருடைய மூச்சுதான், ஆனால் அது அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் ஆடியது. செத்தேன் என்று நினைத்தார். அப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தார் என்பது அவருக்கு இன்றுவரை நினைவில்லை.

சாயங்காலம் ஃபேனுக்கு ஆள் வந்தது. ஒட்டில் பழைய காகிதத்தைச் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்துவிட்டார். தலையைத் திருப்பும் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்ததையும் ஈயம் வைத்து நிரப்பிச் சும்மா ராவிவிட்டார். அதனால் ஃபேன் இடது கோடிக்குப் போகும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு சின்னத் தயக்கம், எதையோ சொல்ல வந்து விழுங்கிக்கொள்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் திரும்பும். ஒன்பது விநாடிக்கு ஒரு டக். "சத்தம் வருதே?" என்றார் அண்ணன்காரர். "ஓட ஓடப் போயிடும்," என்றார் காயில்காரர். தொழிலில் அவர் சொன்ன முதல் பொய்.

மறுநாளும் கடைக்குக் கிளம்பினார். படியில் கால் வைத்தவுடன் முனைக் கம்பம் தெரிந்தது. அங்கே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. யார் என்றும் அவருக்குத் தெரிந்தது. ஸ்லீவ் வாங்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை, அங்கேயே நிற்கிறார். அப்படியானால் திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்து கம்பி சுற்றுகிற இந்த ஆள் யார்? இதை வாய்விட்டுச் சொன்னால் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் கதவைச் சாத்தினார். தெருப்பக்கத்து ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்தார். கொஞ்ச நாளில் சாவித் துவாரத்துக்கும் டேப் ஒட்டினார். கதவுக்கு அந்தப் பக்கம் தெரு காது வைத்துக் கேட்கிறது என்று தோன்றிவிட்டால் அப்புறம் ஓட்டையை விட்டுவைக்க முடியுமா?

மச்சினன் கல்யாணம் வந்தது. புதுச்சட்டை, சென்ட் எல்லாம் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தவர், "நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வரேன்," என்று சம்சாரத்திடம் சொன்னார். அவள் முன்னால் போனாள். அவர் பின்னால் போகவில்லை. நாலு நாள் கழித்து மாப்பிள்ளைப் பையன் கம்பிச் சுருளோடு வந்தவன், "என்ன மாமா, இன்னும் பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கீங்களா? ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டா அதுக்காவது வந்து சேர்ந்துடுவீங்க," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சம்சாரம் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்ட சத்தம் சிரிப்பாக இல்லை.

அவள் சட்டைக் கம்பெனியில் பொத்தான் பார்க்கிறவள். ஒரு பொத்தான் கோணினாலும் கண்டுபிடித்துவிடுவாள். புருஷன் கோணியதைக் கண்டுபிடிக்க மாட்டாளா? முழங்கால் கதையை இரண்டு வருஷம் விட்டுப் பிடித்தாள். அப்புறம் கம்பெனி கிளினிக் நர்ஸிடம் போய் உள்ளதை உள்ளபடி கொட்டினாள். நர்ஸ் அவரை டாக்டரோடு போனில் பேச வைத்தாள், மாத்திரை வாங்கித் தந்தாள், வியாதியின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"அகோராஃபோபியாவாம்," என்று படித்தாள் சம்சாரம்.

"பேரைக் கேட்டாலே வெளிய போக பயமா இருக்கு," என்றார் அவர்.

"வாய்க்கு ஒண்ணும் வியாதி இல்ல. சீட்டுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கு. புதன்கிழமை மூணு மணிக்கு இந்த மாதிரி ஆளுங்க எல்லாம் ஒண்ணா போன்ல பேசுவாங்களாம். இந்தச் சுத்துவட்டாரத்துல நர்ஸம்மா நாலஞ்சு பேருக்குக் கொடுத்திருக்காங்க."

"பைத்தியங்க கூட்டம் போட்டுப் பேசினா தெளிஞ்சிடுமா?"

"தனியா இருந்து என்ன தெளிஞ்சீங்க?"

புதன்கிழமை போனைப் போட்டார்.

கூட்டத்தை நடத்தியவள் கண்டக்டர் அக்கா. பதினெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள், ஒருநாள் பஸ் படியில் கால் வைக்க முடியாமல் நின்று, ஆறு வருஷம் நின்றாள். இப்போது நாலு ஸ்டாப் வரை போய் வருகிறாள். குரல் மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே இருந்தது. "உள்ள வாங்க, உள்ள வாங்க, எடம் இருக்கு! இங்க மூணே சட்டம். பேரும் ஊரும் கேக்கக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. 'எல்லாம் சரியாயிடும்'னு எவனாவது சொன்னா அடுத்த ஸ்டாப்புல எறக்கி விட்டுடுவேன்." மூன்றாமவர் ஒரு டீச்சர். பள்ளிக்கூட கேட் வரை போவாள், கேட்டைத் தொடுவாள், திரும்பிவிடுவாள். இன்னொருவரை ஏழாவது மாடி என்றார்கள். அங்கே குடியிருந்து மூன்று வருஷமாகக் கீழே இறங்காதவர். "எனக்கு ஒரே வசதி என்னன்னா, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னாலும் என்னால முடியாது," என்பார்.

கடைசியாக ஒருவர் இருந்தார். பேசவே மாட்டார். கூட்டம் முடியும்போது அக்கா ஒவ்வொருவரையும் "இருக்கீங்களா?" என்று கேட்பாள். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் மட்டும் போன்மேல் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். டொக், டொக். அதனால் டொக்டொக் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

காயில்காரர் முதல் வாரம் இருமினார். இரண்டாவது வாரம் கம்பத்தடியில் நிற்கிற ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டார். சம்சாரத்திடம்கூடச் சொல்லாதது. சொல்லிவிட்டு, சிரிக்கப் போகிறார்கள் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. "எனக்குக் கேட்டுக்கு உள்ள நிக்கிறாங்க," என்றாள் டீச்சர். "பழைய நான். நோட்டுக்கட்டு வச்சுக்கிட்டு."

அவ்வளவுதான். அன்றைக்கு அவர் ராத்திரி சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டார்.

மூன்றாவது புதன். டீச்சர் பேசி முடித்தாள். எல்லோரும் கொஞ்சம் சும்மா இருந்தார்கள். அப்போது காயில்காரர் காதுக்குள் ஒரு சத்தம்.

டக்.

பிறகு ஒரு தயக்கம். பிறகு ஓட்டம்.

அவர் தலையைத் தூக்கித் தன் பட்டறையைப் பார்த்தார். மேஜை மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு ஃபேன்கள், இறக்கை கழற்றியதும் கழற்றாததுமாக. ஒன்றிலும் கரண்ட் இல்லை. ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் எழுந்து போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். சில்லென்று கிடந்தன. மனத்துக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு... எட்டு, ஒன்பது. டக். போனுக்குள்ளிருந்துதான். பெற்ற பிள்ளையின் இருமல் ஆயிரம் இருமலில் தெரியும் என்பார்கள். தான் செய்த தப்பின் சத்தம் அதைவிட நன்றாகத் தெரியும்.

"இருக்கீங்களா?" என்றாள் அக்கா. டொக், டொக். அந்த இரண்டு தட்டுக்கும் பின்னால் பச்சை ஃபேன் தலையைத் திருப்பிக்கொண்டது. அண்ணன்காரருடைய தங்கச்சி. அடுத்த தெரு. தண்ணித் தொட்டிக் கட்டடம், முதல் மாடி.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேரும் ஊரும் கூடாது என்பது ஒரு சாக்கு. வெட்கம்தான் நிஜம். இரண்டு வருஷம் ஓடிய காகிதம் இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்று தனக்குத் தானே ஜாமீன் கொடுத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு புதனும் போனை எடுத்துக் காதில் வைத்தவுடன் முதலில் எண்ண ஆரம்பித்தார். ஒன்பது. ஒன்பது. சரி.

ஆறாவது வாரம் அது ஒன்பதில் நிற்கவில்லை. பத்து. பதினொன்று. டக். ஓட்டத்தின் சத்தமும் கனத்திருந்தது, தேனீயாக இருந்தது குளவியானது போல. காயில்காரருக்கு அதன் அர்த்தம் புத்தகம் பார்க்காமலே தெரியும். ஒட்டு சுடுகிறது, காகிதம் கருகுகிறது, காயிலுக்கு மூச்சு முட்டுகிறது. கருகிய வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. போனில் வாடை வராது என்பது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் ஏறியது.

டீச்சர் பேசிக்கொண்டிருந்தாள். குறுக்கே புகுந்தார். "டொக்டொக், அம்மா, அந்த ஃபேனை நிறுத்தும்மா."

பன்னிரண்டு. டக்.

"பச்சை ஃபேன். அதைச் சுத்தினவன் நான்தான். ஒட்டுல ஸ்லீவ் போடல, காகிதத்தைச் சுத்திக் கொடுத்துட்டேன். அன்னிக்குத்தான் எனக்கு மொதமொத வந்துச்சு, கடைக்குப் போக முடியல. தப்பு என்னோடது. இப்ப அது பத்திக்கப் போகுது. நிறுத்தும்மா."

சத்தம் நிற்கவில்லை. அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "கண்ணு, நிறுத்த முடியும்னா ரெண்டு தட்டு. முடியாதுன்னா ஒண்ணு."

டொக்.

"யாரையாவது அனுப்பட்டுமா? பக்கத்து வீட்டுல? தீயணைப்பு?"

டொக். நகம் உடைகிற மாதிரி.

ஏழாவது மாடி மெதுவாகச் சொன்னார்: "நான் டி.வி.யை நிறுத்த மாட்டேன். நிறுத்தினா நான் உள்ள இருக்கறதை அது கேக்கும்."

எது என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நான் வரேன்," என்றார் காயில்காரர்.

சொன்னது யார் என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, வீடு தெரியும்கறதுக்காகப் போயி நிக்கக் கூடாது. அவங்க சொல்லணும்," என்றாள் அக்கா. காத்திருந்தார்கள். ஒரு டக். இன்னொரு டக். பதின்மூன்று விநாடி ஒவ்வொன்றும். அப்புறம்:

டொக், டொக்.

சம்சாரம் கம்பெனியில். மச்சினன் போன் எடுக்கவில்லை; எடுத்தாலும் அந்தக் கதவு அவனுக்குத் திறக்காது. துணிப்பையில் பற்றவைக்கிற சூட்டுக்கோல், ஈயம், ஸ்குரூ டிரைவர், ஸ்லீவ் போட்டுக்கொண்டார். ஸ்லீவ் இப்போது ஒரு பாக்கெட் நிறைய இருந்தது. போனைச் சத்தமாக வைத்துச் சட்டைப் பையில் நிறுத்தினார். கதவைத் திறந்தார்.

மூன்று மணி வெயில். தெரு காலி. அவர் வருவது தெரிந்து எல்லோரும் உள்ளே போய்விட்ட மாதிரி காலி. முனையில் கம்பம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு இறங்கினார். இருபத்தேழில் ஒரு ஜன்னல் தானாக ஆடிச் சாத்திக்கொண்டது. திடுக்கிட்டார். இருபத்தேழா, இருபத்தொன்பதா? விட்டுப்போயிற்று. விட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும்? அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து. முப்பது வருஷத்துச் சட்டம் காலைத் திருப்பியது. வாசலுக்கே வந்து நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றது சட்டைப் பை, அக்கா குரலில்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு."

"விட்டா விட்டுட்டுப் போங்களேண்ணே!"

"அப்படிப் போகக் கூடாதுக்கா. காயில் எரிஞ்சிடும்."

வெளியாள் கேட்டால் கிறுக்கு என்பான். அக்கா, "சரி, ஒண்ணுலேர்ந்து வாங்க," என்றாள். மறுபடி இறங்கினார். நாற்பத்துநாலு வரை வந்தார். இந்தமுறை பின்னால் அந்த மூச்சு. அவருடையதுதான், தெரியும், ஆனாலும் பின்னாலிருந்து. எண்ணிக்கை சிதறியது. மறுபடி வாசல். பைக்குள் ஃபேன் குளவியாய் இரைந்தது. பதினைந்து. டக். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் எரிந்துவிடுவாள், நான் இங்கே ஒன்று இரண்டு படித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது.

டொக்.

பையிலிருந்து. அவர் ஒரு அடி வைத்தார். டொக். இன்னொரு அடி. டொக்.

"அண்ணே," என்றாள் அக்கா, "அவங்க எண்ணிக்கறாங்க போல. நீங்க நடங்க."

நடந்தார். எண்ணவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு தட்டுக்கு ஓர் அடி. கொஞ்ச தூரம் போனதும்தான் கவனித்தார், கால் தரையில் படுவதற்கு ஒரு நூலிழை முன்னால் தட்டு வந்தது. யாரோ அவருக்கு முன்னால் நடந்து, இங்கே வை, இங்கே வை என்று தரையைத் தட்டிக் காட்டுவதுபோல. கால் நிற்கவில்லை.

கம்பம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தார். அங்கே நிமிர்ந்தார், பார்க்காமல் எப்படிப் போவது? இரண்டு வருஷம் நாலு மாதமாக நிற்கிற ஆளாயிற்றே. கம்பத்தடியில் யாரும் இல்லை. கிழிந்த விளம்பரத் தாள் ஒன்று, எறும்பு வரிசை ஒன்று. இல்லை என்பது இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. அப்படியானால் அவர் எங்கே போனார்? டொக் என்றது பை. அடி வைத்தார்.

தண்ணித் தொட்டிக் கட்டடத்துப் படிக்கட்டு குளிர்ந்து இருண்டிருந்தது. முதல் மாடிக் கதவின் சாவித் துவாரத்தில் டேப் ஒட்டியிருந்தது. உள்பக்கத்திலிருந்து. அதைப் பார்த்ததும் காயில்காரருக்கு அந்த வீட்டின் உள்ளே இருப்பது அத்தனையும் தெரிந்துபோயிற்று. இந்தமுறை வார்னிஷ் வாடை நிஜம். கதவிடுக்கில் கசிந்து வந்தது. ஃபேன் இரைச்சல் கதவு வழியாகவும் பை வழியாகவும் இரண்டு தடவை கேட்டது.

"வந்துட்டேம்மா. இப்ப நிறுத்தும்மா."

டொக். முடியாது.

"நிறுத்தினா அது கேக்கும். அதானே?"

டொக், டொக்.

அவர் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அதே உயரத்தில் இன்னொரு முதுகு சாய்வது மரத்தில் தெரிந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த ஐம்பத்திரண்டு வயசு ஆம்பளை, மீசையும் தொந்தியுமாக, அடுத்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, "ம்ம்ம்ம்ம்" என்று ஆரம்பித்தார். குளவி இல்லை, தேனீ. அந்த ஃபேன் நன்றாக இருந்தபோது எப்படி ஓடியதோ அப்படி. ஒன்பது விநாடி. நாக்கை மேலண்ணத்தில் வைத்து, டக். ஒரு தயக்கம். மறுபடி "ம்ம்ம்ம்". அவரைவிட அந்தச் சத்தம் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆள் கதவுக்குப் பின்னால் இருந்தது.

போனில் ஏழாவது மாடியும் சேர்ந்துகொண்டார். அப்புறம் டீச்சர். "சுதி இறங்குது, சுதி இறங்குது," என்று அக்கா திட்டினாள்.

உள்ளே ஸ்விட்ச் விழுந்தது. இறக்கைகள் தளர்ந்து, தளர்ந்து, நின்றன. காயில்காரர் நிறுத்தவில்லை. "ம்ம்ம்ம்." டக்.

வெகுநேரம் கழித்துக் கதவுக்குள்ளிருந்து ஒரு குரல். பல நாள் திறக்காத தாழ்ப்பாள் மாதிரி.

"நூத்தித் தொண்ணூத்தாறு."

அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது முனகல் ஒரு டக்கைத் தவறவிட்டது. அவர் நடந்த அடிகள். அவள் விட்டுப்போகாமல் எண்ணி வைத்திருந்தாள்.

கதவு ஒரு ஃபேன் அகலத்துக்குத் திறந்தது. பச்சை ஃபேன் அடிப்பாகம் முன்னால் வெளியே வந்தது, தொட முடியாத சூடு. பின்னாலேயே ஒரு கை, எக்ஸ்டென்ஷன் வயரின் முனையைத் தள்ளிவிட்டு உள்ளே போயிற்று. சூட்டுக்கோலுக்குக் கரண்ட் வேண்டும் என்று அவளாக யோசித்திருக்கிறாள். அந்த நடைவழியில் உட்கார்ந்தே பிரித்தார். காகிதம் கறுத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னும் கால் மணி நேரம் தாங்கியிருக்காது. ஒட்டைச் சுரண்டி, பற்றவைத்து, ஸ்லீவை மாட்டிக் கட்டினார். அரை மணி நேரத்து வேலை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, இடையிலே முனக வேண்டியிருந்ததே. போன் நடுவில் ஒருதரம் கூவிவிட்டு பாட்டரி தீர்ந்து அணைந்தது. அதற்கப்புறம் அவர் ஒற்றைக் குரலில்தான் ஃபேன்.

ஆறு மணிக்குச் சம்சாரம் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். வேலையிலிருந்து வந்தவள் வீடு விரியத் திறந்து கிடப்பதையும் உள்ளே ஆள் இல்லாததையும் பார்த்து நடுங்கிப்போயிருந்தாள். முனை வீட்டு அம்மாள், "உன் புருஷன் நெஞ்சுல டொக்கு டொக்குனு சத்தத்தோட தண்ணித் தொட்டிக் கட்டடத்துப் பக்கம் போனாரு," என்று சொன்னதில் பாதி உயிர் போயிருந்தது. மீதி உயிரோடு வந்தவள் பார்த்த காட்சி இது.

"இங்க உக்காந்துக்கிட்டு... என்ன சத்தங்க இது? யார் வீடு இது?"

அவர் முனகுவதை நிறுத்தாமல் ஒரு விரலைத் தூக்கி, பொறு என்றார். கதவைக் காட்டினார். ஃபேனைக் காட்டினார். மூடி ஒன்றைப் பூட்ட வேண்டும், பல்லில் ஸ்குரூவைக் கடித்துக்கொண்டால்தான் முடியும். கடித்துக்கொண்டு முனக முடியாது. அவளைப் பார்த்தார். அவள் கதவின் டேப்பைப் பார்த்தாள். தன் வீட்டில் தினம் பார்க்கிற டேப்தான். பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "ம்ம்ம்ம்" என்றாள். டக் என்றாள்.

"இன்னும் ரெண்டு விநாடி கழிச்சு," என்றது கதவுக்குள்ளிருந்து.

"சரிம்மா, நான் புதுசு," என்றாள் சம்சாரம்.

மூடியைப் பூட்டும் முன் காயில்காரர் கேட்டார்: "அந்தப் பல்லையும் சரி பண்ணிடட்டுமா? டக் போயிடும்."

உள்ளே ஒரு தயக்கம். ஃபேனுடையதைப் போலவே. "அது இருக்கட்டும்."

இதனால் காயில்காரர் குணமாகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் அவர் சந்தைப் பக்கம் போவதில்லை. மச்சினன் வீட்டுக்கு விருந்துக்குப் போய்ப் பாதி வழியில் வேனைத் திருப்பச் சொன்னார். ஆனால் புதன்கிழமை மூன்று மணிக்கு அந்த நடைவழியில் இருப்பார். கதவு இப்போது நாற்காலி அகலத்துக்குத் திறக்கிறது. இரண்டு பேரும் ஒரே போனில் பேசுகிறார்கள். "ரெண்டு பேர் ஒரு டிக்கெட்டுல வராதீங்க," என்று அக்கா கத்துவாள்.

அந்த முதல் நாள் திரும்பி வந்ததுதான் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெயில் இறங்கி, தெருவில் ஆள் நடமாட்டம் வந்திருந்தது. சம்சாரம் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முனைக் கம்பத்துக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. தெரு மெலிந்து நீள ஆரம்பித்தது. பின்னால் மூச்சு.

"என்னங்க?" என்றாள்.

டொக், என்றது சட்டைப் பை.

அவர் அடி வைத்தார். டொக். இன்னொன்று. அறுபத்தோரு தட்டில் வீட்டுப் படி வந்தது. உள்ளே போய்ப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஐந்து மணிக்கே செத்துப்போன போன். அதைச் சம்சாரத்திடம் அவர் சொல்லவில்லை. சார்ஜில் போட்டுவிட்டு, சாவித் துவாரத்து டேப்பை ஒரு ஓரம் மட்டும் உரித்துவிட்டு, கை கழுவப் போனார்.